கரிக்கோலில் எழுந்த உடல்

விறகைக் காற்றுப் புகாமல் சூடேற்றினால் அது சாம்பலாகாமல் கரியாக நிற்கும் என்பதை, பழுப்பு நிலக்கரியிலிருந்து 'லெக்கோ' என்னும் அடுப்புக்கரி செய்த நெய்வேலிக்கும் அதை ஒட்டிய வடக்குத்துக்கும் விளக்க வேண்டியதில்லை. வில்லோ மரத்தின் மெல்லிய குச்சிகளையும் திராட்சைக் கொடியையும் அவ்வாறே கருக்கிச் செய்வதுதான் ஓவியரின் கரிக்கோல்; அதன் துகள் தாளின் சொரசொரப்பில் ஒட்டிக்கொண்டு மட்டும் நிற்பதால் விரல் பட்டாலே கலையும், நிலைக்க வேண்டுமானால் ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைத் தெளிக்க வேண்டும். எளிதில் கலையும் இந்தக் குணமே, ஆடையற்ற மனித உடலை ஓரிரு நிமிடங்களில் கோட்டில் பிடிக்கும் பயிற்சிக்கு அதை உகந்ததாக்கியது.

அத்தகைய பயிற்சி தமிழ்ச் சிற்ப மரபில் இருந்ததில்லை. முகத்தின் நீளத்தை ஒரு தாளமாகக் கொண்டு உடல் முழுவதையும் அளக்கும் தாளமானமே சிற்பியின் வழி. உயர்ந்த தெய்வங்களுக்குரிய உத்தம தசதாளத்தில் உருவத்தின் உயரம் 124 அங்குலம், அந்த அங்குலமோ அடிக்கோலுக்குரியதன்று, உருவத்தின் உயரத்தையே பகுத்துப் பெறுவது. எனினும், எடை ஒரு காலில் இறங்க இடை ஒசிந்து நிற்கும் சோழர் செப்புத் திருமேனிகளை வார்த்தவர்கள் மனித உடலைக் கூர்ந்து பாராதவர்கள் என்று கொள்வது பிழை.

பாரிஸில் 1648-இல் தோன்றிய அரச கலைக்கழகம் ஆடையற்ற மாதிரியைப் பார்த்து வரைவதைக் கல்வியின் உச்சமாக வைத்தது. 1768-இல் நிறுவப்பட்ட லண்டன் கலைக்கழகமோ பெண்களை நூறாண்டுக்கு மேல் அந்த வகுப்பின் வாசலிலேயே நிறுத்தியது. அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் 1850-இல் சென்னையில் தொடங்கிய பள்ளி கைத்தொழிலை நோக்கமாகக் கொண்டது; 1898-இல் அங்கே ஆல்பிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கியதிலிருந்து அதன் போக்கு விளங்கும். பம்பாயில் கிளாட்ஸ்டன் சாலமன் முதல் உலகப் போருக்குப் பின் ஆடையற்ற மாதிரி வகுப்பை ஏற்படுத்த, சென்னைப் பள்ளியில் 1929-இல் பொறுப்பேற்ற சிற்பி தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் காலத்தில்தான் உயிருள்ள மாதிரியைப் பார்த்து வரைவது வலுப்பெற்றது. மெரினாவில் 1959-இல் நிறுவப்பட்ட அவருடைய உழைப்பாளர் சிலையில் முதுகின் தசையும் ஊன்றிய பாதமும் அந்தக் கல்வியையே பேசுகின்றன.

மாணவர்கள் 'லைஃப் ஸ்டடி' என்றழைக்கும் இவ்வகுப்பில் மாதிரியின் நிலை அடிக்கடி மாறும்போது, முகச்சாயலையோ விரல்நுனியையோ வரைய நேரமிராது. தலையிலிருந்து குதிகால்வரை ஓடும் ஒரே வளைவை முதலில் இழுத்து, தோளும் இடுப்பும் எதிரெதிராகச் சரிவதைக் குறித்து, கழுத்துக்குழியிலிருந்து விடும் தூக்குநூல் எடை தாங்கும் காலருகே விழுகிறதா என்று பார்ப்பதோடு தாள் புரட்டப்படும். கூலிக்கு நின்ற ஆண்களும் பெண்களும்தாம் இந்தக் கல்விக்கு உடல் தந்தவர்கள். ஆனால் கலை வரலாறு ஆசிரியர்களின் பெயரை மட்டுமே எழுதிக்கொண்டது, இது நேர்மையான கணக்கன்று. அத்தகைய ஒரு பெண்ணைக் கதைமாந்தராக்கிய ரவி ஜாதவின் 'நியூட்' என்னும் மராத்தித் திரைப்படம் 2017-இல் கோவா திரைப்பட விழாவின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டு, 2018-இல் திரைக்கு வந்தது.

1957-இல் அதே சென்னைப் பள்ளியின் முதல்வரான கே. சி. எஸ். பணிக்கர் ஐரோப்பிய உருவ நேர்மையைத் தாண்டிச் செல்லத் தூண்டியபோதும், கைக்கு வந்த கோடு மறையவில்லை. அங்கே 1960-களில் பயின்ற கே. எம். ஆதிமூலம், காந்தி நூற்றாண்டான 1969-இல் வெறுங்கோட்டாலேயே காந்தியை வரைந்து பெயர்பெற்றார், பின்னர் கி. ராஜநாராயணனின் கரிசல் எழுத்துக்கு அவர் வரைந்த சம்சாரிகள் வேட்டியும் தலைப்பாகையுமாகத்தான் நிற்கிறார்கள், ஆயினும் துணிக்குள்ளே எடை எந்தக் காலில் இறங்குகிறது என்பது தெரிகிறது.