கையெழுத்துக்கு முன்னால்: வேலூர்–ஆம்பூர் தோல் வட்டாரத்தில் செவி நலமும் நோயாளியின் இசைவும்

வேலூரின் நவீன மருத்துவ வரலாற்றை ஒரு மறுப்பிலிருந்து தொடங்குவதுதான் வழக்கம். 1890களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று ஆண்கள், பிரசவ வேதனையில் இருந்த தங்கள் மனைவியருக்கு உதவி கேட்டு ஸ்கடர் குடும்பத்தின் வீட்டுக்கு வந்தார்கள். மருத்துவரான தந்தை புறப்படத் தயாராக இருந்தார். ஆண் மருத்துவர் வேண்டாம் என்று மூவரும் திரும்பிப் போனார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் உயிரோடு இல்லை. அந்த வீட்டு மகள், 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர், அதன் பிறகுதான் மருத்துவம் படிக்க முடிவு செய்தார். 1900இல் திரும்பி வந்தார். 1902இல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனையும் 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் வேலூரில் எழுந்தன.

பெண் மருத்துவர் ஏன் தேவைப்பட்டார் என்பதற்காகவே இந்த நிகழ்வு திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. இக்கட்டுரைக்கு அதில் முக்கியமானது வேறொன்று. சிகிச்சைக்குச் சரி சொல்லவும் மறுக்கவும் அன்று வாசலில் நின்றவர்கள் கணவன்மார். உள்ளே வலியில் கிடந்தவர்களை யாராவது கேட்டார்களா என்பதற்கு அந்தக் கதையில் ஒரு வரிகூட இல்லை. இசைவு என்பது முதலில் குடும்பத்தின் அனுமதியாக இருந்தது. பிறகு தாளில் இடும் கையெழுத்தானது. நோயாளிக்கு விளங்கச் சொல்லிப் பெறும் ஒப்புதலாக அது மாறும் பயணம் இன்னும் முடியவில்லை. காது என்ற ஒரே உறுப்பை வைத்துக்கொண்டு, பாலாற்றங்கரைத் தோல் நகரங்களின் பின்னணியில் அந்தப் பயணத்தைத் தொடர்ந்து பார்க்கலாம். காதைத் தேர்ந்தெடுக்க எளிய காரணம் ஒன்று உண்டு: விளக்கம் அனைத்தும் காது வழியாகவே போகிறது, இங்கே பழுதானதும் அதுவே.

சட்டத்தின் முதல் அடிகள்

1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் 87 முதல் 92 வரையிலான பிரிவுகளில் இசைவைப் பற்றிப் பேசியது. பயத்தாலோ தவறான எண்ணத்தாலோ தரப்படும் இசைவு இசைவாகாது, பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்குக் காப்பாளர் முடிவெடுக்கலாம், அவசரத்தில் இசைவின்றியும் சிகிச்சை தரலாம் என்றது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும் இந்தக் கட்டமைப்பைப் பெரிதாக மாற்றவில்லை. இதெல்லாம் மருத்துவரைக் குற்ற வழக்கிலிருந்து காக்க எழுந்த விதிகள். நோயாளிக்கு எதைச் சொல்ல வேண்டும் என்று அவை பேசவில்லை. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நடத்தை விதிகளிலும், அறுவைக்கு முன் எழுத்து இசைவு தர வேண்டியவர்களின் வரிசையில் கணவனும் மனைவியும் முதலில் வருகிறார்கள், நோயாளி கடைசியில்தான் வருகிறார். திண்டிவனத்து வாசல் அந்த வரிசையில் அப்படியே தெரிகிறது.

ஊசியும் செவியும்

காதுக்கு வரும் சேதத்தில் பெரும்பகுதி அறுவை அரங்கில் நேர்வதில்லை, கையெழுத்து வாங்கும் வழக்கமே இல்லாத இடங்களில் நேர்கிறது. காசநோய் ஊசிகள் இதற்குத் தெளிவான சான்று.

ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது 1940களின் நடுவில். அது உட்செவியின் சமநிலை உறுப்பைத் தாக்கித் தலைச்சுற்றலையும் தள்ளாட்டத்தையும் உண்டாக்குகிறது என்பது அடுத்த ஓரிரு ஆண்டுகளிலேயே தெரிந்துவிட்டது. பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் புகழ்பெற்ற ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வு 1948இல் வெளிவந்தது. குலுக்கல் முறையில் நோயாளிகளைப் பிரித்த முன்னோடி ஆய்வு அது. மருந்து கிடைக்காத பிரிவில் இருந்தவர்களுக்கு, தாங்கள் ஓர் ஆய்வில் இருப்பதே சொல்லப்படவில்லை. அன்றைய மருத்துவ உலகம் அதைத் தவறாக எண்ணவில்லை. ஆய்வுக்கு உட்படுபவரின் இசைவைக் கட்டாயமாக்கிய நூரம்பெர்க் நெறி 1947இலேயே வந்துவிட்டது என்பதையும் இங்கே சேர்த்து எண்ண வேண்டும்.

1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் அதில் கைகோத்தன. சானடோரியத்தில் படுக்க வேண்டியதில்லை, வீட்டிலிருந்தபடியே மருந்து எடுத்துக் குணமாகலாம் என்று ஏழை நாடுகளுக்கெல்லாம் காட்டியது அந்த மையம். அதன் பெருமையில் எனக்கு ஐயமே இல்லை. 1960களில் வாரம் இருமுறை ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் ஐசோனியாசிட் மாத்திரையும் தரும் முறையையும் அங்கேதான் சோதித்தார்கள். பிழைக்க வைக்கும் அதே ஊசி சிலருக்குத் தலைச்சுற்றலையும் தந்தது. தேசியக் காசநோய்த் திட்டத்தில், மறுசிகிச்சை தேவைப்பட்டவர்களுக்கான இரண்டாம் வகைச் சிகிச்சையின் முதல் இரண்டு மாதங்களுக்கு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி அண்மைக்காலம் வரை இருந்தது. பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு 2007 முதல் நாட்டில் படிப்படியாக வந்த சிகிச்சையில் கானமைசின் ஊசியை மாதக்கணக்கில் போட்டார்கள். கானமைசின் நேரே கேட்கும் உறுப்பைத் தாக்கும். நத்தை எலும்பின் அடிப்பகுதியில் உயர்ந்த ஒலிகளை ஏற்கும் மயிரணுக்கள் முதலில் சாகும், அவை மீண்டும் முளைப்பதில்லை. நோயாளிக்கு ஆரம்பத்தில் எதுவும் தெரியாது. பேச்சு மழுங்கலாகக் கேட்கத் தொடங்கும்போது பாதிப் பாதை கடந்திருக்கும்.

இந்தச் சேதத்தைக் குறைக்க முடியும். சிகிச்சைக்கு முன் ஒரு செவித்திறன் சோதனை, அதன் பின் மாதாமாதம் ஒன்று. ‘காதில் ரீங்காரம் கேட்டால் அடுத்த ஊசிக்கு முன் சொல்லுங்கள்’ என்ற ஒரு வாக்கியம். தாய்வழியில் யாருக்காவது ஊசி போட்ட பிறகு காது போனதுண்டா என்ற ஒரு கேள்வி. சில குடும்பங்களில் தாய்வழி வரும் மைட்டோகாண்ட்ரிய மரபுமாற்றம் இருந்தால் சில ஊசிகளே செவியைப் பறித்துவிடும் என்று 1993இல் கண்டறிந்தார்கள். இவற்றில் எதற்கும் பெரிய செலவில்லை. உயிரா காதா என்ற நிலை வந்தால் அநேகமாக எல்லோரும் உயிரையே கேட்பார்கள். ஆனால் அதைக் கேட்கும் வாய்ப்பு அவர்களுக்கே தரப்பட வேண்டும். 2019இல் உலக சுகாதார நிறுவனம் கானமைசினையும் காப்ரியோமைசினையும் பரிந்துரையிலிருந்து நீக்கியது, வாய்வழி மருந்துகள் முன்னுக்கு வந்தன. அதற்குள் கேட்கும் திறனை இழந்தவர்களுக்கு அது திரும்பி வரப்போவதில்லை.

சீழ் வடியும் காது

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் காது மூக்கு தொண்டைத் துறையினர் இவ்வட்டாரக் கிராமங்களில் செய்த இரு ஆய்வுகள் 1997இலும் 1999இலும் வெளிவந்தன. முதலாவது ஒரு கிராமத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் செவிக் குறையைப் பற்றியது. நாள்பட்ட சீழ்க்காதின் பரவலையும் வீட்டு வழக்கங்களையும் இரண்டாவது ஆய்வு சேர்த்துப் பார்த்தது. ஏறத்தாழ நூற்றில் ஆறு பிள்ளைகளுக்குச் சீழ்க்காது. உலக அளவில் இது உயர்ந்த விகிதம்.

வீட்டில் எண்ணெய் காய்ச்சி ஊற்றுவார்கள், கோழி இறகால் துடைப்பார்கள், மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கிப் போடுவார்கள். செவிப்பறை ஓட்டையாக இருக்கும்போது எண்ணெய் நடுச்செவிக்குள் இறங்கும். ஜென்டாமைசின் போன்ற சொட்டு மருந்து உட்செவி வரை போய்ச் சேதம் செய்யக்கூடும். கடையில் மருந்தை எடுத்துக் கொடுப்பவர் காதுக்குள் பார்ப்பதில்லை. சொட்டு மருந்துப் புட்டிக்கு யாரும் இசைவுப் படிவம் நீட்டுவதும் இல்லை. ‘பறை ஓட்டையா இருக்கான்னு பார்த்துட்டுப் போடுங்க’ என்று சொல்லக்கூடிய ஆள் கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் எங்கும் இல்லை.

டேனரித் தளத்தில்

ராணிப்பேட்டை, மேல்விசாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என நீளும் இந்தப் பட்டையின் பெயர் 1996 ஆகஸ்ட் 28 அன்று இந்தியச் சட்ட வரலாற்றில் பதிந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், முன்னெச்சரிக்கைக் கோட்பாடும் மாசுபடுத்தியவரே இழப்பைச் சுமக்க வேண்டும் என்ற கோட்பாடும் நாட்டின் சட்டத்தின் பகுதிகள் என்று உச்ச நீதிமன்றம் அறிவித்தது. தீங்கில்லை என்று நிரூபிக்கும் சுமை தொழில் நடத்துபவர் மேல் விழுந்தது. வழக்கு பாலாற்றையும் விளைநிலத்தையும் குடிநீரையும் பற்றியது. டேனரிக்குள் நிற்பவரின் காது அதன் பேசுபொருளாக இருக்கவில்லை.

சுழலும் டிரம்கள், சதை நீக்கும் எந்திரம், ஷேவிங், பஃபிங், காற்றழுத்திகள், மின்சாரம் போனால் ஜெனரேட்டர் என்று டேனரியில் இரைச்சலுக்குப் பஞ்சமில்லை. ஷேவிங் எந்திரத்தில் நிற்பவர் பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடத் தோளைத் தொடுவார், வாயைத் திறப்பதில் பயனில்லை. இரைச்சலோடு கரைப்பான்களும் சேர்கின்றன. டொலுயீனும் இரைச்சலும் ஒன்றாகத் தாக்கினால் செவிச்சேதம் கூடும் என்பதை பிரேசில் நாட்டு அச்சுத் தொழிலாளர்களிடமும் பெயின்ட் தொழிலாளர்களிடமும் நடந்த 1993ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. தோலுக்கு மேற்பூச்சு பூசும் இடத்திலும் ஷூவுக்குப் பசை தடவும் மேசையிலும் அதே வகைக் கரைப்பான்களின் வாடைதான்.

1984இன் போபால் பேரழிவுக்குப் பின் தொழிற்சாலைச் சட்டம் 1987இல் திருத்தப்பட்டது. ஆபத்தான தொழில்களின் பட்டியலில் தோல் பதனிடுதல் இடம்பெற்றது. அப்படிப்பட்ட ஆலைகளில் ஆபத்தைத் தொழிலாளிக்கு அறிவிப்பது முதலாளியின் கடமை. ஆண்டுக்கு ஒருமுறையாவது மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும், உடல்நலப் பதிவேட்டைத் தொழிலாளி பார்க்க வழி இருக்க வேண்டும். இரைச்சலால் வரும் செவிக்குறை, அறிவிக்கப்பட வேண்டிய தொழில்நோய்களில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. மருத்துவமனை நோயாளிக்கு அறியும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2008இல் விரிவாக வரையறுப்பதற்கு இருபதாண்டுகள் முன்பே டேனரித் தொழிலாளிக்கு அது எழுத்தில் கிடைத்துவிட்டது. இது போதிய கவனம் பெறாத செய்தி என்பது என் கருத்து. நடைமுறை வேறு. இரைச்சல் செவிக்குறை 1948 முதலே இழப்பீட்டுக்கு உரியதாக இருந்தும் முதல் இழப்பீடு 1996இல்தான் கிடைத்தது என்று 2008இல் வெளிவந்த ஓர் இந்திய ஆய்வுரை பதிவு செய்கிறது. அந்தப் பட்டியலிலும் ஓர் இடைவெளி உண்டு. அதில் இருப்பது தோல் பதனிடுதல். ஷூ தைப்பது இல்லை. ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் தையல் எந்திரத்திலும் பசை மேசையிலும் உட்காருபவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

செவித்திறன் சோதனையிலும் கவனிக்க வேண்டிய நுட்பம் உண்டு. கூண்டுக்குள் உட்கார வைத்து ஹெட்போன் மாட்டி ஒவ்வொரு ஒலியாக அனுப்புவார்கள், கேட்டால் கையைத் தூக்க வேண்டும். இரைச்சல் சேதம் முதலில் 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு பள்ளமாக விழும். இந்தச் சோதனைக்கு முன் ஏறத்தாழ அரைநாளுக்கு மேல் இரைச்சலில்லாமல் இருந்திருக்க வேண்டும். ஷிஃப்ட் முடிந்த கையோடு சோதித்தால் தற்காலிக மந்தமும் நிரந்தரச் சேதம்போலப் பதிவாகிவிடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எடுக்கும் அடிப்படைச் சோதனையே அப்படி நடந்தால், பின்னால் வரும் உண்மையான இழப்பு தாளில் சிறுத்துத் தெரியும், இழப்பீடும் அந்த அளவுக்குச் சிறுக்கும். தொழிலாளிக்கு இதைச் சொல்லிவிட்டுத்தான் ஹெட்போனை மாட்ட வேண்டும். சோதனை முடிவு மேலாளர் மேசைக்கு மட்டும் போனால், ‘காது மந்தம்னு எழுதிட்டா வேலையை விட்டு அனுப்பிடுவாங்க’ என்ற பயத்தில் கேட்காத ஒலிக்கும் கை தூக்கத் தோன்றும். பயத்தில் தூக்கிய அந்தக் கையை இசைவென்று கொள்ள முடியாது, சட்டமும் 1860 முதல் அப்படித்தான் சொல்லி வருகிறது.

2008 தீர்ப்பும் நடுச்செவி அறுவையும்

சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரி 16 அன்று தீர்ப்பளித்தது. நோயறியும் பரிசோதனைக்கு மட்டும் இசைந்த பெண் மயக்கத்தில் இருந்தபோது, தாயிடம் சம்மதம் வாங்கிக் கருப்பையை அகற்றிவிட்டார்கள். வயதுவந்த, தெளிவான மனமுள்ள ஒருவர் தற்காலிக மயக்கத்தில் இருக்கிறார் என்பதற்காக வேறொருவர் அவருக்காக இசைய முடியாது, அவசர நிலை இல்லாதபோது காத்திருக்கத்தான் வேண்டும் என்றது நீதிமன்றம். தாய் சொன்னாலும் செல்லாது. திண்டிவனத்துக்கும் இந்தத் தீர்ப்புக்கும் நடுவில் நூறாண்டுக்கும் மேல் ஓடியிருக்கிறது.

வழக்கு மகப்பேறு மருத்துவம் சார்ந்தது. ஆனால் அதே கேள்வி செவி அறுவையில் அன்றாடம் எழுகிறது. செவிப்பறை ஓட்டையை அடைக்கப் போகும் மருத்துவர் உள்ளே கொலெஸ்டியட்டோமா இருப்பதைக் காணலாம். எலும்பை அரிக்கும் வளர்ச்சி அது. விட்டுவைத்தால் மூளை வரை தொற்று போகலாம். அப்போது காதுக்குப் பின்னுள்ள மாஸ்டாய்ட் எலும்பைக் குடைய வேண்டிவரும். அது பெரிய அறுவை. முகநரம்பு, சுவை, மிச்சமுள்ள கேட்கும் திறன் எல்லாவற்றுக்கும் ஆபத்து உண்டு. எதிர்பார்க்கக்கூடிய இரு அறுவைகளுக்கும் சேர்த்து முன்கூட்டியே இசைவு பெறலாம் என்று தீர்ப்பு வழிவிட்டிருக்கிறது. அதனால் முதல் நாளே சொல்ல வேண்டிய சேதி நான்கைந்துதான்: உள்ளே என்ன இருக்கக்கூடும், இருந்தால் என்ன செய்வோம், வாய் ஒரு பக்கம் கோணும் ஆபத்து எவ்வளவு, கேட்பது கூடுமா அல்லது நோயை அகற்றுவது மட்டும்தான் நோக்கமா. கடைசிக் கேள்வியில்தான் ஏமாற்றம் அதிகம். காது கேட்கும் என்று நம்பி அறுவைக்கு வந்து, சீழ் நின்றும் கேட்காமல் வீடு திரும்பியவர்கள் பலர்.

மந்தச் செவியுள்ளவரிடம் எப்படிச் சொல்வது? ‘அவருக்குக் காது கேக்காது டாக்டர், என்கிட்ட சொல்லுங்க’ என்று மகனோ மருமகளோ முன்னால் வருவது இங்கே வெகு இயல்பு. அன்பில் வருவதுதான். அந்த நிமிடத்தோடு நோயாளி உரையாடலிலிருந்து வெளியேறிவிடுகிறார். தமிழோடு உருதுவும் தெலுங்கும் புழங்கும் நகரங்கள் இவை. உதடு பார்த்துப் புரிந்துகொள்பவருக்குத் தன் மொழியில் பேசும் உதடு வேண்டும், அது முகக்கவசத்துக்குப் பின்னால் இருக்கக் கூடாது. அரங்குக்குள் போகுமுன் செவிக்கருவியைக் கழற்றி வைப்பார்கள். எந்தக் காது என்று குறியிடுவதும் கடைசி உறுதிப்பாடும் அதைக் கழற்றுவதற்கு முன்பே முடிய வேண்டும். நம் ஊரில் பல செவி அறுவைகள் மரத்துப்போகச் செய்துவிட்டு நோயாளி விழித்திருக்கையிலேயே நடக்கின்றன. கை அழுத்தம் போன்ற சில சைகைகளை முன்பே பேசி வைத்துக்கொண்டால் வலிக்கிறது, தலை சுற்றுகிறது என்று அவரால் சொல்ல முடியும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, ஆராய்ச்சியில் அவர்களுக்கு எட்டும் தொடர்பு முறைகளின் வழியாகவே இசைவு பெற வேண்டும் என்று 6ஆம் பிரிவில் சொல்கிறது. அன்றாடச் சிகிச்சைக்கும் அதே கண்டிப்பு வேண்டும்.

பிறவியிலேயே கேளாத குழந்தைகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உட்செவியில் காக்ளியர் கருவி பொருத்துகிறார்கள். ஏழை வீட்டுக்கு இது எவ்வளவு பெரிய வழி என்பதைச் சொல்லத் தேவையில்லை. பெற்றோருக்குச் சொல்ல வேண்டியவை வேறு உண்டு. அந்தக் காதில் மிச்சமிருக்கும் இயல்பான கேட்பு போய்விடக்கூடும். மூளைக்காய்ச்சலைத் தடுக்க நியூமோகாக்கல் தடுப்பூசி கட்டாயம். பேச்சுப் பயிற்சிக்குப் பல மாதங்கள் தவறாமல் அழைத்து வர வேண்டும். ஷூ கம்பெனிக்குப் போகும் தாய்க்கு ஒவ்வொரு வருகையும் ஒரு நாள் கூலி. புறக்கருவியின் வயரும் பேட்டரியும் பழுதாகும், சில ஆண்டுகளில் கருவியையே மாற்ற நேரும். இரண்டு வயதில் அறுவை செய்த குழந்தைக்கு அப்போது எட்டோ ஒன்பதோ வயதாகியிருக்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 நெறிமுறைகள், ஏழு வயது நிரம்பிய குழந்தையை ஆய்வில் சேர்க்கும்போது பெற்றோரின் இசைவோடு குழந்தையின் வாய்மொழிச் சம்மதத்தையும் கேட்கச் சொல்கின்றன. புதுக் கருவியைப் பற்றி அந்தப் பிள்ளையிடமும் அதே முறையில் பேசலாம். கருவி பொருத்தியது பேசத்தானே.