விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் சீட்டாட்ட அறையும் சட்டமும்

விடுமுறை நாளில் பொழுதுபோக்காகப் போக்கர் ஆட விரும்பும் ஒருவர் விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ உரிமம் பெற்ற கேசினோவைத் தேடினால் கிடைக்காது. தமிழ்நாட்டில் எங்குமே கிடையாது. முகம் தெரியாத புதியவரையும் அழைத்து உட்கார வைக்கும் சீட்டாட்ட அறை இங்கே ஏன் உருவாகவில்லை என்பதற்கு ஒரு பழைய சட்டம் முக்கியக் காரணம்.

சூது இந்த மண்ணுக்குப் புதிதன்று. செஞ்சியை அடுத்த மேலச்சேரி உட்பட, வட்டாரத்தின் திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் பாரதக் கூத்து நடக்கும். தருமன் பகடையில் நாட்டையும் தம்பியரையும் மனைவியையும் தோற்கும் கதை அதில் முக்கியமானது. அதைப் பார்த்துக் கண்கலங்கியவர்களே மறுநாள் மரத்தடியில் மங்காத்தா ஆடுவதும் உண்டு!

சென்னை நகருக்கு 1888ஆம் ஆண்டின் நகரக் காவல் சட்டம் இருந்தது. வெளி மாவட்டங்களுக்கு 1930இல் சூதாட்டச் சட்டம் வந்தது. அன்று தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்த இவ்விரு ஊர்களும் அதன்கீழ் வந்தன. ஓர் அறையில் சீட்டுக்கட்டு வைத்துச் சூதாட விட்டு, அதனால் அறைக்காரர் ஆதாயம் பெற்றால் அது பொதுச் சூதாட்டக் கூடம் என்கிறது இச்சட்டம். கேசினோவின் போக்கர் அறை நடப்பதோ அந்த ஆதாயத்தில்தான். ஆட்டக்காரர்கள் ஒருவரோடொருவர் மோதுவார்கள். ஒவ்வொரு ஆட்டத்தின் பந்தயத் தொகையிலிருந்தும் அறைக்காரர் சிறு பங்கை எடுத்துக்கொள்வார். புதியவர் எத்தனை பேர் வந்தாலும் அவருக்கு லாபமே. வரவேற்புக்குக் காரணமான அந்தப் பங்கையே இங்கே சட்டம் குற்றத்தின் அடையாளமாகக் கொண்டது.

திறமை ஆட்டங்களுக்கு மட்டும் இச்சட்டம் விலக்கு அளித்தது. ரம்மி பெரும்பாலும் திறமையைச் சார்ந்தது என்று செகந்திராபாத் மன்றம் ஒன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1967இல் தீர்ப்பளித்தது. மூன்று சீட்டு ஆட்டத்தை முழுக்க அதிர்ஷ்டம் என்றது. சேவைக்காக மன்றம் வாங்கும் அளவான கட்டணம் ஆதாயமாகாது என்றும் கூறியது. மனமகிழ் மன்றங்களின் ரம்மி மேசைகளுக்கு இத்தீர்ப்பே துணை. ஆனால் மன்றம் உறுப்பினர்களுக்கானது; வழிப்போக்கர் நுழைய முடியாது.

போக்கர் எந்தப் பக்கம்? கர்நாடக உயர் நீதிமன்றம் 2013இல் அதைத் திறமை ஆட்டமாக ஏற்றது. 2017இல் குஜராத் உயர் நீதிமன்றம் மறுத்தது.

இதற்கிடையே, தயங்கி நின்ற புதியவரைக் கைப்பேசி உள்ளே அழைத்துக்கொண்டது. உறுப்பினர் அட்டை வேண்டாம், நள்ளிரவிலும் மேசை காலியிருக்கும். கடனும் தற்கொலைகளும் செய்தியாயின. 2020இல் வந்த தமிழகத் தடை, சட்டமான பின் 2021 ஆகஸ்டில் உயர் நீதிமன்றத்தில் விழுந்தது. நீதியரசர் சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பின் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதல் பெற்றது. ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டமாகச் சேர்த்த அதன் அட்டவணையை அதே ஆண்டு நவம்பரில் நீதிமன்றம் நீக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமையா அதிர்ஷ்டமா என்று பாராமல், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் தடைசெய்தது.

நேரில் கேசினோ மேசையில் அமர விரும்பும் விழுப்புரத்துக்காரர் கோவாவுக்குப் போகலாம். அங்கே 1976ஆம் ஆண்டுச் சட்டத்தை 1990களில் திருத்தி நட்சத்திர விடுதிகளுக்கும் கப்பல்களுக்கும் வழிவிட்டார்கள். பணஜியில் மாண்டோவி ஆற்றில் அக்கப்பல்கள் நிற்கின்றன.