மணப்பாட்டுக் கரையேறிய திமிங்கிலங்கள்

ஜூபிலி மலர் என்றால் கோவில் எழுந்த கதையும், பணியாற்றிய குருக்களின் வரிசையும் இடம் பெறுவது வழக்கம். அவற்றை எழுதத் தகுந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். கடலை நம்பி வாழும் மக்களுக்குக் கடலின் வரலாறும் தங்கள் வரலாறே ஆதலால், நம் தூத்துக்குடி மறைமாவட்டக் கரையில் 43 ஆண்டு இடைவெளியில் இருமுறை நடந்த ஒரு நிகழ்ச்சியை இங்கே எழுதத் துணிந்தேன்.

மணப்பாட்டை அறியாதவர் நம்மில் இல்லை. 1542-ல் நம் கரைக்கு வந்த புனித சவேரியார் தங்கிய குகையும், 1581-ல் எழுந்த திருச்சிலுவைக் கோவிலும் அமைந்த மணற்குன்று கடலுக்குள் நீண்டு நிற்கிறது. குன்றுக்கு வடக்கே கரை வளைந்து கல்லாமொழி, ஆலந்தலை என்று திருச்செந்தூர்ப் பக்கம் போகும். 1973 ஜனவரியில் இந்தக் கரையில்தான் 147 திமிங்கிலங்கள் ஒதுங்கி மடிந்தன. தூத்துக்குடியிலிருந்து கடல் மீன்வள ஆராய்ச்சியாளர்கள் அவற்றைப் பற்றிக் குறித்து வெளியிட்டதால் அந்த எண்ணிக்கை நமக்குக் கிடைத்திருக்கிறது. இப்படிக் கூட்டமாய்க் கரையேறுவது நம் நாட்டுக்கு முற்றிலும் புதிதன்று. 1852-லேயே கல்கத்தா உப்பேரிப் பகுதியில் ஒதுங்கிய இவ்வகைத் திமிங்கிலங்களைப் பற்றி பிளைத் என்னும் அறிஞர் எழுதியிருக்கிறார்.

வந்தவை பைலட் திமிங்கிலங்கள். கன்னங்கரிய உடல், பானையைக் கவிழ்த்தாற்போல் உருண்ட தலை. ஆண் 20 அடிக்கு மேலும் வளரும். நாம் ஓங்கல் என்கிறோமே, அதன் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் இதுவும். மீன் அன்று, நம்மைப்போல் மூச்சுவிட்டு, குட்டி ஈன்று, பால் கொடுக்கும் உயிர். (யோனாவை விழுங்கியது திமிங்கிலம் என்று ஞானோபதேச வகுப்பில் படித்தோம். வேதாகமம் சொல்வது பெரிய மீன் என்று மட்டுமே!) ஆழ்கடலில் கணவாயைத் தேடி முக்குளித்து வாழ்வது இதன் இயல்பு. கரைக்கு இதற்கு ஒரு வேலையும் இல்லை.

பின் ஏன் வருகிறது? ஒன்றுக்கு நோய் கண்டு கரையோரம் ஒதுங்கினால் மற்றவை அதை விட்டுப் போவதில்லை என்பர். ஒலியெழுப்பி, அதன் எதிரொலியைக் கேட்டு வழியறியும் இவ்வுயிர்கள் மெல்லச் சரியும் மணற்கரையில் தடுமாறிவிடும் என்றும் சொல்வர். எப்படியாயினும், இதன் கூட்டம் நம் வீட்டு உறவைப் போன்றது. தாயும் மக்களும் பேரப்பிள்ளைகளுமாகச் சேர்ந்தே திரியும். பெண் திமிங்கிலம் ஈனும் பருவம் முடிந்த பின்னும் பல்லாண்டு வாழும். பாட்டிமார் உள்ள குடும்பம் என்று சொன்னால் தவறில்லை.

இதை அறிந்தால்தான் 2016-ல் நடந்தது விளங்கும். அவ்வாண்டு ஜனவரி 11-ஆம் நாள் மாலை அதே கரையில் மீண்டும் அவை ஒதுங்கத் தொடங்கின. மறுநாள் காலை மணப்பாடு முதல் ஆலந்தலை வரை 80-க்கும் மேற்பட்டவை கிடந்தன. மீனவர்கள் இடுப்பளவு நீரில் இறங்கித் தள்ளினார்கள். படகில் கட்டி ஆழத்துக்கு இழுத்துச் சென்று விட்டார்கள். விட்டவற்றில் சில மீண்டும் கரைக்கே திரும்பி வந்தன. பார்த்தவர்கள் சாவதற்கென்றே வருகின்றன என்று மனம் நொந்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கரையில் கிடந்த தாயோ குட்டியோ குரல் கொடுத்திருக்கும். அதைக் கேட்டும் ஆழத்துக்குப் போக அவற்றுக்குக் கூடவில்லை. ஏறத்தாழ 45 மாண்டன. அவற்றைக் கடற்கரையிலேயே குழி தோண்டிப் புதைத்தார்கள். 1973-ஐ நினைத்தால், இம்முறை 30-க்கும் மேற்பட்டவை கடல் திரும்பியது சிறிய காரியமன்று. அது பெரும்பாலும் நம் மீனவரின் கைவேலை.

மூன்றாம் முறையும் வரலாம். அதனால் இளைஞர்களுக்குச் சில சொல்ல வேண்டும். நீருக்கு வெளியே இவ்வுயிரின் எடையே அதன் நெஞ்சை அழுத்தும்; வெயில் அதன் தோலைப் பொசுக்கும். ஈரத்துணி போர்த்தி ஓயாமல் நீர் ஊற்ற வேண்டும். தலையின் மேலுள்ள மூச்சுத் துளைக்குள் நீரோ மணலோ போகக் கூடாது. வாலில் கயிறு கட்டி இழுத்தால் எலும்பு முறியும். பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தால் நிமிர்த்தி, பக்கத் துடுப்புகளின் அடியில் மணலைப் பறித்துக் குழி செய்ய வேண்டும். வனத்துறைக்கும் மீன்துறைக்கும் உடனே ஆள் விட வேண்டும். முக்கியமாக, ஒவ்வொன்றாக விடாமல், உயிருள்ளவற்றை இயன்றவரை ஒன்றாகச் சேர்த்து, ஒரே நேரத்தில் ஆழத்துக்குக் கொண்டுபோய் விட வேண்டும். ஒன்றின் குரல் கரையில் கேட்கிறவரை மற்றவை போகா.