பெரும்பாணாற்றுப்படைத் தூண்டிலும் பொய்யிரையும்

பண்டை நூல்களிற் காணும் தொழிற்செய்திகளை ஆராய்வார்க்கு இரு தடைகள் நேர்வதுண்டு. தொழிலை அறியாது சொல்லை மட்டும் நோக்குதல் ஒன்று. இக்காலத் தொழிலை அக்காலத்தின்மேல் ஏற்றிக் காண்டல் மற்றொன்று. முன்னையது உள்ள செய்தியைச் சுருக்கும். பின்னையது இல்லாத செய்தியை உண்டாக்கும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நெறியைத் தூண்டில் என்னும் சிறு கருவியை வைத்து ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும். உண்ணத்தகும் இரையின்றி, மரத்தாலோ உலோகத்தாலோ செய்த உருவை நீரில் இழுத்து மீனை ஈர்க்கும் முறை பழந்தமிழர்க்குத் தெரிந்திருந்ததா என்பது வினா. அவ்வுருவை ஈண்டுப் 'பொய்யிரை' என வழங்குவோம். பொய்க்கால் குதிரை என்னும் வழக்கு இச்சொல்லாக்கத்திற்குத் துணைநிற்கும்.

இவ்வினாவிற்குரிய களம் தொண்டைநாடு. ஸ்ரீபெரும்புதூர் என இன்று வழங்கும் திருப்பெரும்பூதூர் முதல் ஒரகடம் வரையுள்ள நிலப்பகுதி, இப்பொழுது தொழிற்சாலைகளால் பெயர்பெற்றுள்ளது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் 1998-இல் கார் உற்பத்தியைத் தொடங்கிற்று. ஒரகடத்தில் ரெனோ நிசான் தொழிற்சாலை 2010-இல் திறக்கப்பெற்றது. ஆயினும் இந்நிலத்தின் பழைய அடையாளம் ஏரியே. திருப்பெரும்பூதூர் ஏரி, பிள்ளைப்பாக்கம் ஏரி, ஒரகடம் ஏரி, இவற்றிற்குக் கிழக்கே பரந்துகிடக்கும் செம்பரம்பாக்கம் ஏரி என நீர்நிலைகள் பல இங்கு உள்ளன. மதகும் கலங்கலும் உடைய ஏரிகளும், அவற்றில் வாழும் விராலும் வாளையும் இந்நாட்டு வாழ்வோடு ஒன்றியவை.

காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, 500 அடிகளால் இயன்றது, பத்துப்பாட்டுள் ஒன்று. இளந்திரையனிடம் செல்லும் பாணனுக்கு வழியிடை நிலங்களை அது விரித்துரைக்கின்றது. திருப்பெரும்பூதூரை அப்பாட்டுச் சுட்டவில்லை. ஆயினும் இந்நாட்டு நீர்நிலைகளில் மீன்பிடித்த முறையைத் தெளிவாகக் காட்டுகின்றது. வலைஞர் குடியிருப்பைக் கூறியபின், தூண்டிலிடும் பாண்மகன் ஒருவனைப் புலவர் அறிமுகம் செய்கின்றார். அவன் தோளில் பச்சை ஊன் இட்ட தோற்பை தொங்குகின்றது. நெடிய மூங்கிற்கோலில் நாண் கட்டப்பட்டுள்ளது. நாணின் முடிவில் வளைந்த வாயையுடைய இரும்பு உள்ளது. அதன்மேல் இரை பொதியப்பட்டுள்ளது. பிளந்த வாயையுடைய வாளை அவ்விரையைக் கவ்விக்கொண்டு, இரும்பைத் தனியே விட்டுத் தப்பிவிடுகின்றது. தப்பிய பின்னர், நீரருகே நிற்கும் பிரம்பின் அசையும் நிழலைக் கண்டு அஞ்சுகின்றது.

இப்பகுதியில் மூன்று செய்திகள் கருதற்பாலன. முதலாவது, தூண்டிலிடுவான் பாண்மகன். ஐங்குறுநூற்றிலும் பாண்மகள் மீன் கொடுத்து நெல் பெறுகின்றாள். ஆகலின் வழியிற் செல்லும் பாணன் தன் இனத்தானையே நீர்க்கரையிற் காண்கின்றான் என்பது போதரும். இரண்டாவது, இரை உண்மையான ஊனே. அதனை ஐயுற இடமில்லை. மூன்றாவது, நடுங்குதல் என்னும் வினை ஈண்டு இருமுறை ஆளப்படுகின்றது. மீன் கவ்வியவழி நடுங்கியது தூண்டிற்கோல். பின்னர் மீன் கண்டு அஞ்சியது நடுங்கும் நிழல். ஒரே வினை இருவழியும் நின்றமையால், வாளையின் அச்சம் பிரம்பின் உருவத்தால் மட்டும் எழுந்ததன்று, அதன் அசைவாலும் எழுந்தது எனக் கொள்ளலாம். அசையாது நின்ற பிரம்பாயின் இவ்வச்சத்திற்குக் காரணம் குறையும்.

இனி, பொய்யிரைக்குச் சான்றாக ஒரு குறளைக் காட்ட நினைப்பார்க்கும் விடை கூறல் வேண்டும். சூதினால் வந்த வெற்றியைத் தூண்டிலின் பொன்னை மீன் விழுங்கியதற்கு ஒப்பிடுகின்றது 931-ஆம் குறள். பொன் என்பதற்கு ஒளிவிடும் தகடு எனப் பொருள்கொண்டு, இரையின்றி மின்னும் உலோகத்தால் மீனை ஈர்த்தனர் என முடிவுசெய்தல் எளிது. அம்முடிவு பொருந்தாது. பொன் என்பது உலோகப் பொதுப்பெயராய் இரும்பையும் குறிக்கும். பரிமேலழகரும் தூண்டில் இரும்பு என்றே பொருள் கொள்கின்றார். இரையெனக் கருதி முள்ளை விழுங்கிய பேதைமையே அங்கு உவமையின் உயிர். மீனை ஈர்த்த கருவி எது என்பது குறளின் கருத்தன்று.

உறுதியான சான்று எத்தகையது என்பதற்குப் பிறநாட்டு எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. கி.பி. 200-ஐ ஒட்டி வாழ்ந்த உரோமானிய எழுத்தாளர் கிளாடியஸ் ஏலியானுஸ், மாசிடோனியா நாட்டினர் முள்ளைச் சுற்றிச் செந்நிறக் கம்பளிநூலைச் சுற்றி, இரண்டு இறகுகளைப் பொருத்தி, ஆற்று மீனை ஏமாற்றிப் பிடித்ததை விளங்க எழுதியுள்ளார். பொருள், செய்முறை, பயன் ஆகிய மூன்றும் அங்குக் கூறப்படுகின்றன. யாம் ஈண்டு ஆராய்ந்த பெரும்பாணாற்றுப்படைப் பகுதியிலும் குறளிலும் அத்தகைய கூற்று இல்லை. இல்லையென ஒப்புக்கொள்வதனால் அந்நூல்களின் பெருமை குறையாது.

பிற்காலத்தில் பொய்யிரை தனிக்கலையாக வளர்ந்தது. அமெரிக்க நாட்டின் வெர்மான்ட் பகுதியினரான ஜூலியோ பியூல், கரண்டியின் குழிப்பகுதி போன்ற உலோகத் தகட்டிற்கு 1852-இல் காப்புரிமை பெற்றார். சென்னை மாகாண ஆட்சிப் பணியில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ், 'தி ராட் இன் இந்தியா' என்னும் நூலை 1873-இலும், குளம் ஏரிகளில் தூண்டிலிடுதற்கெனவே 'டேங்க் ஆங்லிங் இன் இந்தியா' என்னும் நூலை 1887-இலும் வெளியிட்டார். பின்லாந்து நாட்டு மீனவர் லௌரி ராபலா, சிறுமீன் கூட்டத்துள் தள்ளாடி நீந்துவதையே பெருமீன் தேர்ந்து பற்றுவதைக் கண்டு, அத்தள்ளாட்டத்தைத் தக்கையில் செதுக்க 1936-இல் வழிகண்டார். சாக்லேட் சுற்றிய உலோகத்தாள் அதற்குத் தோலாயிற்று. உருக்கிய நிழற்படச் சுருள் மேற்பூச்சாயிற்று.

இக்கலையின் உயிர்நிலை வண்ணத்தினும் மிகுதியாக எடையமைப்பில் உள்ளது. யாம் கல்யாணமுருங்கைக் கட்டையில் விரல் நீளத்தில் ஓர் உருவைச் செதுக்கி, முகத்தில் சிறு தகட்டை இதழாகப் பொருத்தி, நீர்த்தொட்டியில் இழுத்துப் பார்த்தோம். ஈயம் இடாதபொழுது அது ஒருபுறம் சாய்ந்து மல்லாந்தது. வயிற்றின் அடியில், நடுவிற்குச் சற்று முன்னாகச் சிறு ஈயத்துண்டைப் பதித்தபொழுது நிமிர்ந்து, இருபுறமும் ஒழுங்காக அசைந்து நீந்திற்று. ஈயத்தை மிகுத்தபொழுது நிமிர்ந்தே சென்றது. அசைவு மட்டும் அற்றுப்போயிற்று. வாலின் பக்கம் பதித்தபொழுது தலை உயர்ந்து வால் தாழ்ந்தது.

காரணம் எளிது. எடையின் மையம் மிதப்பின் மையத்திற்குக் கீழே அமைந்தால் உரு நிமிர்ந்து நிற்கும். இழுக்குங்கால் நீர் இதழில் மோதி, இருபுறமும் மாறி மாறிச் சுழித்துக் கழல்வதால் தலை ஒருபுறம் தள்ளப்படும். கீழுள்ள எடை அதனை மீட்கும். மீண்டும் மறுபுறம் தள்ளப்படும். இத்தள்ளலும் மீட்பும் சமன்பட்டவிடத்தே நீந்தல் பிறக்கின்றது. இதழ் செங்குத்தாக நிற்பின் ஆழம் குறைந்து அசைவு அகலும்; உடலின் நீட்சியோடு ஒத்துச் சாயின் ஆழம் மிகுந்து அசைவு இறுகும். உரு தன் இடப்புறமே ஓடுமாயின், நாண் கட்டும் வளையத்தைச் சிறிதளவு அதன் வலப்புறமாக வளைத்தல் வேண்டும்.

திருப்பெரும்பூதூர் ஒரகடப் பகுதித் தொழிலாளர்க்கு இச்சமன் அமைப்புப் புதிதன்று. கார்ச் சக்கரத்தின் விளிம்பில் சிறு எடைத் துண்டை ஒட்டிச் சமன்செய்தல் அவர்தம் தொழிலுலகிற்கு உரியது. வேற்றுமை ஒன்றே: சக்கரத்தில் வைக்கும் எடை நடுக்கத்தைப் போக்குதற்கு; பொய்யிரையில் வைக்கும் எடை நடுக்கத்தை அழியாமல் நெறிப்படுத்துதற்கு. நடுக்கம் முற்றும் நீங்கிய பொய்யிரை வெறும் மரத்துண்டு.

இவ்விளக்கத்தோடு உருத்திரங்கண்ணனாரிடம் மீள்வோம். மீன் தன் உடலின் இருபக்கத்தும் ஓடும் பக்கக்கோட்டு உறுப்பால் நீரின் அசைவை உணர்கின்றது என்பர் உயிர்நூலார். கண்ணாலும் அசைவை எளிதில் பற்றுகின்றது. நம் புலவர் கூறியது கண்ணாற் கண்ட நிழலின் அசைவை. அதனைக் கண்டு அஞ்சும் வாளையும், தள்ளாடும் தக்கையை இரையென நம்பும் மீனும் வேறுபட்ட இரு செயல்களைச் செய்கின்றன; அவற்றிற்கு அடிப்படையோ ஒன்றே. அசைவைக் கொண்டு மீன் பொருளைத் துணிகின்றது. ஒருமுறை ஏமாந்தது மறுமுறை ஐயுறும் என்பதையும் பாட்டுச் சேர்த்துக் கூறுகின்றது.

எனவே யாம் துணிவது இது. மேற்கண்ட பகுதிகளைக் கொண்டு பொய்யிரை பழந்தமிழர் கருவி எனக் கூறுதல் சான்றற்றது. பொய்யிரைக்கு அடிப்படையான உண்மையைத் தொண்டைநாட்டைப் பாடிய புலவர் ஒருவர் நீர்க்கரையிற் கண்டு பாட்டில் வைத்தார் எனக் கூறுதல் சான்றுடையது. முன்னதை நாட்டும் ஆர்வத்தால் பின்னதை இழந்துவிடுதல் கூடாது.

ஆராய்ச்சி மாணவர்க்கு ஒன்று கூறி முடிப்போம். உரையேட்டை விரித்தவாறே ஏரிக்கரைக்கும் செல்லுதல் வேண்டும். மிதப்பு, முள், நாண் என்பனபோல மீன்பிடிப்போர் வாயில் வழங்கும் சொற்களைத் தொகுத்தல் வேண்டும். அக்கருவிகளைக் கையால் தொட்டு இயக்கிப் பார்த்தலும் வேண்டும். ஏரிகள் உள்ள காலத்திலேயே செய்யத்தக்க பணி அது. பிரம்பின் நிழல் நீரில் நடுங்குவதைக் கண்டறியாதவர்க்கு வாளையின் அச்சம் வெறுஞ்சொல்லாகவே நின்றுவிடும்.