ஸிப் கோப்பிலிருந்து பைதன் ஏன் மெதுவாகத் தொடங்குகிறது?

நிரல்களை ஒரே ஸிப் கோப்பாகக் கட்டி, விரிக்காமலே ஏற்றும் வசதி 2003இல் வந்த பைதன் 2.3 முதல் உள்ளது. ஒரு கோப்பை அனுப்பினால் போதும் என்பதால் நம்மில் பலர் இதை விரும்புகிறோம். ஆனால் அந்தச் செயலி திறக்கத் தாமதித்தால், சுருக்கத்தை விரிப்பதுதான் காரணம் என்று எண்ணிவிடுகிறோம். பெரும்பாலும் காரணம் வேறு.

சாதாரண கோப்புறையில் உள்ள ஒரு நிரலை முதன்முறை ஏற்றும்போது, பைதன் அதை பைட்கோடாக மாற்றி, பிஒய்சி கோப்பாகச் சேமித்துக்கொள்ளும். அடுத்த முறை அதையே எடுக்கும். ஸிப்புக்குள் அது எதையும் எழுதாது. உள்ளே மூலநிரல் மட்டும் இருந்தால், ஒவ்வொரு முறையும் மாற்றும் வேலை முதலிலிருந்து நடக்கும்.

தீர்வு எளிது. ஸிப்பாகக் கட்டுமுன் ‘கம்பைல்ஆல்’ கருவியை ‘-பி’ தெரிவுடன் இயக்குவோம். பிஒய்சி கோப்புகள் மூலநிரலின் பக்கத்திலேயே உருவாகும். அந்தத் தெரிவு இல்லாவிட்டால் அவை தனிக் கோப்புறைக்குள் போய்விடும். ஸிப்பிலிருந்து ஏற்றும்போது பைதன் அங்கே தேடாது.

ஒன்றைக் கவனிப்போம்: பிஒய்சி கோப்பு பைதன் பதிப்பைச் சார்ந்தது. லண்டனில் கட்டியதை யாழ்ப்பாணத்தில் திறக்கும் உறவினரிடம் 3.11க்குப் பதில் 3.12 இருந்தால், அது பயன்படாது. மூலநிரலும் கூடவே இருந்தால் பழைய தாமதத்துடன் இயங்கும், இல்லாவிட்டால் இயங்கவே இயங்காது. ஆகவே இரண்டையும் சேர்த்தே அனுப்புவோம்.