சிங்கம்பட்டி அரண்மனையும் தாமிரபரணிக் கரைச் சாப்பாடும்

சிங்கம்பட்டி அரண்மனை, திருநெல்வேலி மாவட்டம் அம்பாசமுத்திரம் வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் ஜமீன் சிங்கம்பட்டி என்ற ஊரில் உள்ளது. விக்கிரமசிங்கபுரத்திலிருந்து வருபவர்கள் தாமிரபரணியைக் கடந்து தென்கரைக்கு வர வேண்டும். ஜமீன் குடும்பத்துக்குச் சொந்தமான இடம் என்பதால், அனுமதி கேட்டுவிட்டு உள்ளே போவதே முறை.

செஞ்சியிலும் திண்டுக்கல்லிலும் ஆண்டவர்கள் குன்றின் மேல் கோட்டை கட்டினார்கள். சிங்கம்பட்டியாருக்கு அந்தத் தேவை எழவில்லை. அரண்மனைக்குப் பின்னால் எழும் மலையே அவர்களுடையதாக இருந்தது. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவுக்குப் போரில் துணை நின்றதற்குப் பரிசாக அந்தக் காடு கிடைத்தது என்பது ஜமீன் வழக்கு.

அந்த மலையின் ஒரு பகுதி கைமாறிய கதை சென்னையில் தொடங்குகிறது. ஜமீன் வாரிசுகள் படித்த நியூயிங்டன் விடுதியின் முதல்வர் டி லா ஹே 1919இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் சிங்கம்பட்டி, கடம்பூர் ஜமீன்களின் வாரிசுகள் சிக்கினர். வழக்குச் செலவில் ஜமீன் கடன்பட்டது. 1929இல் சுமார் 8,373 ஏக்கர் காடு பம்பாய் பர்மா வர்த்தகக் கழகத்துக்கு 99 ஆண்டுக் குத்தகையாகப் போனது. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டங்கள் அங்கே உருவாயின. குத்தகை 2028 வரை இருந்தும், நிறுவனம் 2024இலேயே தோட்டங்களை மூடத் தொடங்கியது. தலைமுறைகளாகக் கொழுந்து பறித்த குடும்பங்கள் மலையிறங்க நேர்ந்ததே இந்த வரலாற்றின் ஆறாத பகுதி.

ஜமீன் ஒழிப்புச் சட்டப்படி 1952இல் அரசு சிங்கம்பட்டியை எடுத்துக்கொண்டது. காடு இன்று களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. ஆட்சி போனாலும் ஓர் உரிமை மட்டும் நிலைத்தது. பாபநாசத்துக்கு மேலே காரையாறு வழியில் உள்ள சொரிமுத்து அய்யனார் கோயிலில், ஆடி அமாவாசையன்று ராஜ உடையில் அமர்ந்து மக்களுக்குக் காட்சி தந்துவந்தார் ஜமீன்தார். மூன்று வயதில் பட்டம் சூட்டப்பட்ட முருகதாஸ் தீர்த்தபதி, 2020இல் மறையும்வரை இந்த மரபோடு வாழ்ந்தார்.

அதே கோயிலில் பட்டவராயனுக்குத் தோல் செருப்பைக் காணிக்கையாகக் கட்டுகிறார்கள். அந்தணராகப் பிறந்து, பொம்மக்கா, திம்மக்கா என்ற சக்கிலியர் குலப் பெண்களை மணந்து, செருப்புத் தைத்து வாழ்ந்த முத்துப்பட்டன்தான் அவர். ராஜ தர்பாரும் செருப்புக் காணிக்கையும் ஒரே வளாகத்தில் நடந்த இத்தகைய விழா வேறெங்கும் அரிது.

விழாவுக்கு வருபவர்கள் ஆற்றோரம் குடில் போட்டுத் தங்கிச் சமைப்பார்கள். அய்யனாருக்குச் சைவப் படையல். காவல் தெய்வங்களுக்குக் கிடா. காட்டின் நலன் கருதி வனத்துறை இப்போது தங்கும் நாட்களையும் பிளாஸ்டிக்கையும் கட்டுப்படுத்துகிறது.

சமவெளியின் சமையலுக்கு ஆற்றுப் பாசனமே ஆதாரம். அம்பாசமுத்திரத்தில் 1937இல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம் 1986இல் வெளியிட்ட 'ஏஎஸ்டி 16' என்ற குண்டு ரகம் இன்றும் இட்லிக்குப் பெயர்பெற்றது. தொலி உளுந்தும் அரிசியும் பூண்டும் தேங்காய்த் துருவலும் சேர்ந்து குழைவது உளுந்தஞ்சோறு. அதற்கு எள்ளுத் துவையல் பொருத்தம். கறி சாப்பிடும் வீடுகளில் கறிக்குழம்பும் ஊற்றிக்கொள்வார்கள்.

சைவப் பிள்ளைமார் வீடுகளில் கல்யாணத்துக்கு மறுநாள் சொதி வைக்காமல் மறுவீட்டுச் சாப்பாடு முடியாது. தேங்காயை மூன்று பாலாகப் பிழிவார்கள். நீர்த்த பாலில் காய்கள் வேகும். வெந்த பாசிப்பருப்பும் சேரும். கெட்டியான முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, கொதிக்கவிடாமல் இறக்கி, ஆறிய பிறகே எலுமிச்சை பிழிய வேண்டும். அவசரப்பட்டால் பால் திரிந்துவிடும். தேங்காய்ப்பாலின் கனத்தை ஈடுகட்ட இஞ்சிப் பச்சடி அவசியம். கடித்துக்கொள்ள உருளைக்கிழங்கு வறுவல், இல்லையென்றால் பக்கத்துக் கல்லிடைக்குறிச்சி அப்பளம்.