கணவாய்க்குக் கிழக்கே ஒரு கல்லறை

நாடார் சமூகம் குறித்து ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969-இல் வெளியிட்ட நூலை நம்மில் பலர் விருதுநகரின் மகமைக்காகவும், 1899 ஜூன் 6-ஆம் நாள் நடந்த சிவகாசிக் கொள்ளைக்காகவும் புரட்டியிருப்போம். அந்நூலின் முற்பகுதியில், தெற்கே நெல்லைச் சீமையிலுள்ள வடக்கன்குளம் வந்துபோகிறது. 1680-இல் அங்கே ஒரு நாடார் பெண் கத்தோலிக்கம் தழுவினார்; அவரோடு ஒரு சபை தொடங்கியது; 1685-இல் கோயில் எழுந்தது. அவருடைய பெயர் பொதுவாக யாருக்கும் தேவைப்படுவதில்லை. அதே ஊரில் 1766-இல் இறந்து புதைக்கப்பட்ட இன்னொரு பெண்ணுக்கோ மூன்று பெயர்கள்: பார்கவி, ஞானப்பூ, தெரேசா. ஆயினும் அவரை நாம் அறிவது இன்னாரின் மனைவி என்ற அளவில்தான்.

அந்த இன்னார், தேவசகாயம். நீலகண்டன் என்ற பெயரோடு மார்த்தாண்ட வர்மரின் அரண்மனைப் பணியில் இருந்தவர். 1741-இல் குளச்சலில் தோற்றுப் பின் திருவிதாங்கூர்ப் படையை நடத்திய டிலனாயின் தொடர்பால் கிறித்தவத்தை அறிந்து, 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் புத்தாரி பாதிரியாரிடம் திருமுழுக்குப் பெற்றார். 1749-இல் கைதானார். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். காரணம் மதமா, அரச துரோகமா என்று திருவிதாங்கூர் வரலாற்றாசிரியர்கள் வாதிடுவதுண்டு. கத்தோலிக்கரான டிலனாய் அதே அரசரின் கீழ்த் தளபதியாகச் செழித்தார் என்பதை அவர்கள் எடுத்துக்காட்டுவார்கள். எனக்கு அந்த வாதம் பாதி வழியில் நின்றுவிடுவதாகவே படுகிறது. அந்நியன் ஒருவன் தன் மதத்தோடு இருப்பது வேறு. உள்ளூர் நாயர் ஒருவர் சாதி வரிசையை விட்டு இறங்கி எல்லோருடனும் கலந்து உண்பது வேறு.

மனைவி உடனே சம்மதிக்கவில்லை என்கிறது மரபு. மதம் மாறினால் பிச்சையெடுக்க நேரும் என அஞ்சினாராம். இதைப் பேதைமை என்று கடந்துவிடுவது எளிது. நாயர் குடும்பங்கள் தாய்வழி மரபின. பெண்ணின் உரிமை கணவன் வீட்டில் அல்ல, தன் தறவாட்டில். கணவன் இறந்தாலும் அவளுக்குக் கூரையும் நெல்லும் அங்கே உண்டு. ஆகவே பார்கவியை வீடற்றவராக ஆக்கக்கூடியது கைம்மை அல்ல, திருமுழுக்குத்தான். அந்த அச்சம் கணக்குத் தெரிந்த ஒரு பெண்ணின் அச்சம். அதன்பிறகும் அவர் ஞானப்பூ ஆனார் என்பதே இக்கதையில் என்னைப் பெரிதும் நிறுத்திவைக்கும் இடம்.

தறவாட்டில் பெண்களுக்கு இன்னொரு உரிமையும் இருந்தது. வளாகத்தின் தென்புறத்தில், முன்னோர் எரிந்த மண்ணிலேயே அவர்களுக்கும் சிதை மூட்டுவார்கள். இறந்தவரின் இடம் வீட்டோடு சேர்ந்தது; அங்கே விளக்கு வைக்க மருமக்கள் இருப்பார்கள். ஞானப்பூ அதையும் விட்டார். கணவர் கொல்லப்பட்ட பின் கணவாயைக் கடந்து, திருவிதாங்கூர் அரசின் கை எட்டாத வடக்கன்குளத்தில் வந்து தங்கினார். பதினான்கு ஆண்டுகள். பின்னர் எரிக்கப்படாமல், அயல் மண்ணில் புதைக்கப்பட்டார்.

அவரது இறுதி ஆண்டுகளில் அந்த மறைத்தளமே நலிந்துகொண்டிருந்தது. 1759-இல் போர்த்துகல் இயேசு சபையாரைத் துரத்தியது. புதிய பாதிரிமார் வருவதும் பணம் வருவதும் அற்றுப்போயின. 1773-இல் ரோமே சபையைக் கலைத்துவிட்டது. எந்த நிழலை நம்பி அவர் கணவாயைத் தாண்டினாரோ அந்த மரம் பட்டுக்கொண்டிருந்த காலத்தில்தான் அவர் மரணம் நேர்ந்தது.

கணவரின் எச்சங்களைக் காட்டிலிருந்து பொறுக்கியெடுத்துக் கோட்டாறு சவேரியார் கோயிலில் அடக்கம் செய்தார்கள். கொச்சி ஆயர் 1756-இல் ரோமுக்கு அனுப்பிய அறிக்கையில் அந்தச் சாவைக் குறித்தார். கோட்டாறு கணவாய்க்கு மேற்கே, வடக்கன்குளம் கிழக்கே. தம்பதியர் இருவரும் இரண்டு அரசுகளின் மண்ணில் கிடந்தார்கள். உதயகிரிக் கோட்டையில் டிலனாயின் கல்லறை லத்தீனிலும் தமிழிலும் எழுத்துப் பொறித்து நிற்கிறது. அருகிலேயே அவர் மனைவியும் மகனும். தளபதிக்குக் குடும்பத்தோடு உறங்க வாய்த்தது.

சாதியை விட்டு வந்த பெண்ணைப் புதைத்த ஊர் சாதியை விட்டதா? 1872-இல் வடக்கன்குளத்தில் எழுந்த புதிய கோயிலை இரட்டைக் கூடமாக, கால்சட்டையின் இரு கால்களைப் போலக் கட்டினார்கள். வெள்ளாளருக்கு ஒரு பக்கம், நாடார் முதலானோருக்கு மறுபக்கம், நடுவே சுவர். அந்த ஊரில் சபையைத் தொடங்கி வைத்தவரே ஒரு நாடார் பெண் என்பது அப்போது எவர் நினைவிலும் உறுத்தவில்லை. சிவகாசிக் கலவரம் நடந்து பதினோரு ஆண்டுகளுக்குப் பின், 1910-இல், கௌசானல் பாதிரியார் சுவரை அகற்றினார். வெள்ளாளக் கிறித்தவர்கள் சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள்.

தேவசகாயத்துக்கு 2022 மே 15 அன்று ரோமில் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டபோது, அவர் பெயரோடு ஒட்டியிருந்த 'பிள்ளை' நீக்கப்பட்டிருந்தது. அதற்காகக் கடிதம் எழுதிப் போராடியவர்கள் உண்டு. கோட்டாற்றுக்கும் காற்றாடிமலைக்கும் செல்லும் கூட்டம் பெரிது. ஞானப்பூவைப் புதைத்த ஊருக்குப் போக விரும்புவோர் ஆரல்வாய்மொழியைத் தாண்டிக் காவல்கிணற்றில் திரும்ப வேண்டும்.